மூன்று மணி வெளிச்சம்

“இன்னிக்கும் மூணு மணிக்குப் படுத்துருச்சுங்க” என்றாள் பாத்திமா.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பிராங்கிளின் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எது, கரண்டா?”

“கரண்டு எப்பவும் போல போயி எப்பவும் போல வந்துருச்சு. நான் வெளிச்சத்தச் சொல்றேன். காலையில எடுக்குற அளவு கம்ப்யூட்டர் சொல்றதோட அச்சு மாறாம ஒத்துப்போகுது. உச்சி நேரத்துலயும் அப்படித்தான். மூணு மணி ஆனா மட்டும் பாதிக்குப் பாதி விழுந்துருது.”

“நீ ஒழுங்காப் பாத்தியா?”

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி அதுதான். கேஸை மூடினாயா என்பதற்கும் அதுதான், பால்காரன் சரியாக ஊற்றினானா என்பதற்கும் அதுதான். இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து, மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒளியியல் நடத்தியவளிடம், வெளிச்சத்தைப் பற்றியும் அதே கேள்வி.

“ஒழுங்காப் பாத்தேன். நேத்தும் ஒழுங்காப் பாத்தேன். போன வாரமும் ஒழுங்காத்தான் பாத்தேன்.”

“சரி சரி, காப்பியப் போடு. குடிச்சிட்டுப் பேசுவோம்.”

பிராங்கிளின் பழனி ரோட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். டாக்டர் பட்டம் இல்லாதவன் இருந்த நாற்காலியிலேயே நரைக்க வேண்டியதுதான் என்றான பிறகு, அவனும் ஓர் ஆராய்ச்சியைக் கையில் எடுத்தான். வகுப்பறை ஜன்னலில் வெனீஷியன் பிளைண்ட்ஸ் மாட்டினால் பகல் வெளிச்சம் எவ்வளவு உள்ளே வரும்? அதுதான் கேள்வி. வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று இணையத்தில் சும்மா கொடுத்த ஜன்னல் மென்பொருளை இறக்கி வைத்திருந்தான். கண்ணாடியின் கனம், பட்டையின் அகலம், ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, பட்டையின் நிறம், அது சாய்ந்திருக்கும் கோணம் எல்லாவற்றையும் கொடுத்தால், வெளியே இருக்கிற வெளிச்சத்தில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்று அது கோடு போட்டுக் காட்டும்.

அது சொல்வது நிஜமா என்று பார்க்க நிஜ ஜன்னல் ஒன்று வேண்டும் அல்லவா? கல்லூரியில் அறை ஒதுக்கித் தரவில்லை. மலைக்கோட்டைக்குக் கீழே, தெருவை ஒட்டிய வீடு அவர்களுடையது. ஹாலில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் இருந்தது. வெயில் நேராக அடிக்காது. மதுரையிலிருந்து அலுமினியப் பட்டை வைத்த பிளைண்ட்ஸ் வாங்கிவந்து அதில் மாட்டினான். பக்கத்தில் தொங்கும் குச்சியை முறுக்கினால் பட்டைகள் எல்லாம் ஒன்றாகச் சாயும். அவன் அம்மா இஞ்ஞாசியம்மாள் அதற்குப் ‘பட்டைத்திரை’ என்று பெயர் வைத்தாள்.

பட்டையின் வெளிவிளிம்பு மேலே தூக்கியிருந்தால் அந்த மென்பொருளில் பிளஸ். கீழே தாழ்ந்திருந்தால் மைனஸ். அவர்கள் வைத்தது பிளஸ் நாற்பத்தைந்து. வானத்து வெளிச்சம் பட்டை வழியாகச் சரிந்து மேஜைக்கு வர வேண்டும் என்பதற்காக. உள்ளே நின்று பார்த்தால் எதிர்வீட்டு மாடிக்கு மேலே கொஞ்சம் வானம் தெரியும், தெரு தெரியாது.

தினமும் காலையில் பாத்திமா பாகைமானியை வைத்துப் பட்டையைச் சரிபார்ப்பாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மீட்டர், உள்ளே மேஜைமேல் ஒரு மீட்டர். மேகம் வந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும், ஆகவே மேகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளைப் புடவை ஒன்று குறுக்கே நடந்தாலும் மேஜை மீட்டர் மாறிவிடும் என்பதால், அதன் வயரை நீளமாக இழுத்து, அளவு காட்டும் பெட்டியை உள்ளறையில் வைத்திருந்தார்கள். அளவெடுக்கும் நேரத்தில் ஹாலுக்குள் யாரும் போகக் கூடாது என்பது பிராங்கிளின் சட்டம். அம்மாவுக்கு மட்டும் விலக்கு. தவக்காலம். மூன்று மணிக்கு ஆண்டவர் உயிர்விட்ட நேரத்தில் ஹாலில் மாதா படத்துக்கு முன்னால் செபமாலை சொல்வது அவள் நாற்பது வருஷ வழக்கம்.

“அம்மா மூலையில உக்காந்து சொல்லிக்கட்டும். அவுக சிலை மாதிரி. அசைய மாட்டாக” என்றிருந்தான்.

பாத்திமாவுக்கு இந்த ஆராய்ச்சியில் என்ன வந்தது? வந்தது ஒன்று உண்டு. சின்னாளபட்டிப் பக்கம் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்ரீமதி மேடம், அவளுக்குக் கல்லூரியில் பாடம் எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பார்த்தபோது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ஜூன் மாசம் ஒரு ஆராய்ச்சி உதவியாளர் எடுக்குறோம். உன் பேர்ல ஒரே ஒரு பேப்பர் வந்திருந்தாப் போதும், நான் பேசிக்கிறேன். வீட்லயே உக்காந்து வீணாப் போகாத பாத்திமா.”

அன்று மாலையே அவள் பிராங்கிளினிடம் கேட்டாள். “அளவு எடுக்குறது நான். கம்ப்யூட்டர்ல போடுறது நான். பேப்பர்ல என் பேரும் வருமா?”

“இதென்ன கேள்வி? முதல் பேரு நான், ரெண்டாவது நீ. அம்புட்டுத்தான்.”

அடுப்படியிலிருந்து இஞ்ஞாசியம்மாள் கேட்டாள், “பேப்பர்ல பேரு வந்தா இவ பஸ் ஏறி வேலைக்குப் போயிருவாளாக்கும்? அப்புறம் இந்த வீட்டுல சோறு, வெஞ்சனம் யாரு வைக்கிறது, மாதாவா எறங்கி வருவா?”

கோயம்புத்தூரில் மாநாடு, ஈஸ்டருக்கு அடுத்த வாரம். கட்டுரையை அனுப்ப ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் கடைசி. மூன்று மணி அளவுகள் ஒத்துவராமல் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லாமல் ஜூன் மாதம் இல்லை. காப்பி ஆறுகிறது என்று தெரிந்தும் பாத்திமா திரையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தது அதனால்தான்.

“தூசியா இருக்கும்” என்றான் பிராங்கிளின், டம்ளரை ஊதிக்கொண்டே.

“தூசி மூணு மணிக்கு மட்டும் வந்து ஒக்காந்துட்டு, காலையில எந்திருச்சுப் போயிருமா?”

“எகத்தாளம் பேசாத. கம்ப்யூட்டர்ல ஜன்னல் கண்ணாடிய முன்பின்னாப் போட்டுருப்ப.”

“மாத்திப் போட்டும் பாத்துட்டேன். பட்டையோட நிறத்த வெள்ளைக்குப் பதிலா சந்தனக் கலராக்கியும் பாத்தேன். எதை மாத்துனாலும் காலையும் சேந்து கெடுதே தவிர, மூணு மணி மட்டும் சரியாக மாட்டேங்குது.”

“மீட்டர்ல பேட்டரி?”

“புதுசு.”

“அப்ப நீ பாக்குறதுலதான் என்னமோ தப்பு” என்று சொல்லிவிட்டு அவன் கைலி மாற்றப் போனான்.

அதற்குப் பிறகு சாப்பாடு. இஞ்ஞாசியம்மாள் தவக்காலத்தில் ஒருவேளைதான் சாப்பிடுவாள். ஆனால் மற்றவர்கள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பரிமாறுவாள். அந்த விரதத்தில் பேச்சு அடங்காது.

“பக்கத்து வீட்டு உடையப்பனுக்கு நத்தத்துலருந்து புளி மூட்டை வந்து எறங்கியிருக்கு. மூட்டை ஒன்னு பிஞ்சு வாசல் பூராப் புளி. அந்த மருமகக்காரி குனிஞ்சு அள்ளுறா, அள்ளுறா, அவ அள்ளுறதப் பாக்கணுமே! கால்ல என்ன தெரியுமா? சிவப்புக் கல்லு வச்ச செருப்பு. புதுசு. புளி அள்ளுறதுக்குக் கல்லு வச்ச செருப்பு கேக்குது.”

“உங்களுக்கு எதுக்கும்மா அவுக செருப்பு?” என்று பிராங்கிளின் சிரித்தான்.

“எனக்கு எதுக்கு? காதுல விழுந்துச்சு, சொன்னேன்.”

பாத்திமாவின் கை சோற்றில் நின்றுவிட்டது. மூட்டை விழுந்தது காதில் விழும். மருமகள் கத்தியது காதில் விழும். செருப்பின் சிவப்புக் கல் எந்தக் காதில் விழும்?

மறுநாள் காலை பிராங்கிளின் கிளம்பியதும் அவள் செய்த முதல் வேலை, மென்பொருளில் மூன்று மணி அளவுக்கு மட்டும் கோணத்துக்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டது. கோடு இறங்கியது. இறங்கி, இத்தனை வாரமாக அநாதையாகக் கீழே கிடந்த புள்ளிகள் எல்லாவற்றின் மேலும் ஒன்று விடாமல் போய் உட்கார்ந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஹாலுக்குப் போய்க் குச்சியைத் தானே முறுக்கிப் பார்த்தாள். பட்டைகள் புரண்டு வெளிவிளிம்புகள் தாழ்ந்தன. உள்ளே சட்டென்று மங்கியது. ஆனால் பட்டைகளின் இடையே தெரு கீழிருந்து எழுந்து வந்தது: சாக்கடை மூடி, எதிரே மெக்கானிக் கடையில் கழற்றிப் போட்ட சக்கரம், நடந்து போகிறவர்களின் முழங்கால், பாதம், செருப்பு. தெருவிலிருந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு இவர்கள் வீட்டு உத்தரம்தான் தெரியும். பார்க்கலாம், பார்க்கப்பட மாட்டோம். இதைவிட வசதியாக ஒரு ஜன்னலை எவனும் செய்ய முடியாது. சாயங்காலம் மகன் வருவதற்கு முன்னால் குச்சி பழையபடி திரும்பிவிடும். காலையில் பாகைமானி வைத்துப் பார்க்கிறவளுக்கு நாற்பத்தைந்து நாற்பத்தைந்தாகவே நிற்கும்.

அந்த வீட்டில் இதைச் சொல்வது லேசான காரியமில்லை. ‘எங்க வீட்டுப் பொம்பளைக தெருவ எட்டிப் பாக்க மாட்டாக’ என்பது இஞ்ஞாசியம்மாள் பெண் பார்க்கப் போன இடத்திலேயே சொன்ன வார்த்தை. கன்னிவாடியில், மகளுக்குப் பாத்திமா மாதா பேரை வைத்திருந்த அவள் அப்பா அதைக் கேட்டுத்தான் மயங்கினார். பங்குச் சாமியாரே ஒருமுறை பிரசங்கத்தில் இந்தக் குடும்பத்தை உதாரணம் காட்டியிருக்கிறார்.

ஆகவே அவள் முதலில் தனியாகவே கேட்டாள். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அத்தை, மத்தியானம் புழுக்கமா இருந்தா அந்தக் குச்சியச் செத்தத் திருப்பி விடுவீகளோ?”

“எந்தக் குச்சி?”

“பட்டைத்திரைக் குச்சி. திருப்பியிருந்தாத் தப்பே இல்ல அத்தை. திருப்புனதா ஒரு வார்த்தை தெரிஞ்சாப் போதும், கணக்கு நேராயிரும். அவுக பட்டம் வாங்கிருவாக.”

கீரைத்தண்டு படக்கென்று ஒடிந்தது. “செபமாலை ஒரு கையில, பக்தி ஒரு கையில இருக்கும்போது எனக்கு எத்தனை கை இருக்கு, குச்சி திருப்ப? ஏத்தா, படிச்சவன்னா என்ன வேணாலும் கேப்பியா?”

“கோவப்படாதீக அத்தை.”

“கோவமா? எனக்கா? தவக்காலத்துல கோவப்பட்டாப் பாவம்” என்று சொல்லி, கீரையோடு எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் பிராங்கிளின் வந்தான். பாத்திமா அவனைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்த்தி, மைனஸைப் போட்டுக் காட்டினாள். கோடு புள்ளிகளில் போய் விழுந்ததைப் பார்த்ததும் அவன் முகம் சின்னப் பையனின் முகம் போலாகிவிட்டது.

“அடேயப்பா! எப்படி?”

“மூணு மணிக்குப் பட்டை மறுபக்கம் சாஞ்சிருக்கு. யாரோ திருப்பியிருக்காக. மூணு மணி அளவு அம்புட்டையும் மைனஸ் கோணம்னு எழுதிட்டா வேலை முடிஞ்சுது. இன்னும் சொல்லப்போனா லாபந்தான். ஒரு கோணத்துக்குப் பதிலா ரெண்டு கோணத்துக்கு அளவு இருக்கு.”

“யாரு திருப்புனா?”

“யாருங்கிறது எதுக்குங்க?”

“எதுக்கா? நாளைக்கு மாநாட்டுல எந்திரிச்சு நின்னு ஒருத்தன் கேப்பான். கோணம் மாறுனது உனக்கு எப்படித் தெரியும்னு. கோடு ஒத்துவரணும்னு நீயா மாத்திக்கிட்டியான்னு கேப்பான். கை வச்ச ஆளு ‘ஆமா, நான் வச்சேன்’னு சொல்லணும். அப்பத்தான் அளவு அளவு. இல்லாட்டி அது திருட்டு.” இந்த விஷயத்தில் அவன் சொன்னது நியாயம். அவளுக்கும் தெரியும். “அம்மா! இங்க வாங்க செத்த.”

இஞ்ஞாசியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“மத்தியானம் நீங்க அந்தக் குச்சியத் தொட்டீகளா?”

“ஏலே அப்பு, தவக்காலத்துல பெத்தவளப் பாத்து இந்தக் கேள்வியக் கேட்டுட்டியே! உங்கப்பா செத்து இம்புட்டு வருசத்துல இந்த ஜன்னல்ல என் மொகத்த ஒருத்தன் பாத்துருப்பானா? போயி தெருவுல கேட்டுட்டு வா.”

“அப்ப யாரு திருப்புனா?”

“பகல்ல இந்த வீட்டுல இருக்கது ரெண்டு பொம்பளைக. ஒருத்தி கண்ண மூடி செபம் சொல்றவ. இன்னொருத்தியப் பத்தி நான் எதுக்குச் சொல்லணும்? எதுத்தாப்புல மெக்கானிக் கடை வந்ததுலருந்து தெருவுல ஒரே எளவட்டக் கூட்டம். அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.”

பாத்திமாவுக்குக் காது சுட்டது. “அத்தை, நான் உள்ரூம்ல பொட்டி முன்னால உக்காந்திருப்பேன். உடையப்பன் வீட்டு அக்கா செருப்புல சிவப்புக் கல்லுன்னு நேத்துச் சொன்னது யாரு?”

“அதக் கோயில்ல பாத்தேன்.”

“அவுக எந்தக் கோயிலுக்கு வாராக? நம்ம மாதா கோயிலுக்கா?”

இஞ்ஞாசியம்மாள் மகன் பக்கம் திரும்பி, கண்ணில் தண்ணீரைக் கொண்டுவந்தாள். அந்த வித்தையில் அவளுக்கு ஈடு யாருமில்லை. “பாத்தியாடா. உனக்கு முன்னாலயே என்னையப் பொய்க்காரிங்கிறா. நான் கன்னிவாடிக்கே சம்பந்தம் பேசப் போயிருக்கக் கூடாது.”

“பாத்திமா! அம்மாகிட்ட வக்கீல் மாதிரிப் பேசாத.”

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு போன பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். “இங்க பாரு. அம்மா திருப்புனாகன்னு நான் எழுத முடியாது. அவுக இல்லங்குறாக. யாரும் ஒத்துக்கலன்னா மூணு மணி அளவு எல்லாத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். தூக்கிட்டாப் பேப்பரே இல்ல. உன் இஷ்டம்.”

என் இஷ்டமாம், என்று அவள் நினைத்துக்கொண்டாள். “நான்தான் திருப்புனேன்னு சொன்னா?”

“சொன்னா அளவு நிக்கும்.”

“என் பேரு நிக்குமா?”

“பைத்தியமா உனக்கு? ரெண்டாவது பேரு நீதான்னு என்னைக்கோ சொல்லிட்டேனே.”

“அப்ப எழுதிக்கோங்க. நான்தான் திருப்புனேன்.”

அவன் சட்டென்று தலை நிமிர்ந்தான். ஒரு நிமிஷம் முன்பு அவனே பேரம் பேசிய பொய் அது. ஆனால் அவள் வாயிலிருந்து வந்ததும் அவனுக்கு அது நிஜமாகிவிட்டது.

“எதுக்குத் திருப்புன?”

“அதையும் பேப்பர்ல எழுதணுமா?”

“எழுத வேணாம். எனக்குத் தெரியணும். யாரப் பாக்கத் திருப்புன?”

பாத்திமா அவனையே பார்த்தாள். இப்போது ‘சும்மா சொன்னேன்’ என்று பின்வாங்கினால் கட்டுரை போய்விடும். “சின்னாளபட்டி பஸ் போகுதான்னு பாக்கத் திருப்புனேன்” என்றாள்.

“தெருவுல எந்தப் பஸ் போகுது?”

“போகாது. முக்குலதான் போகும். அது போற சத்தம் கேட்டா எந்திரிச்சுப் பாப்பேன்.”

அவன் நம்பினானா, நம்ப விரும்பவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பிறகு அவன் எதிரே இருந்த மெக்கானிக் கடைக்கு வண்டியை விடவில்லை. பேருந்து நிலையம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் ரிப்பேர் பார்த்தான்.

பெரிய புதன்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனம். மாமியாரும் மருமகளும் ஒரே வரிசையில் நின்றார்கள், மாமியார் முன்னால். இஞ்ஞாசியம்மாள் முழங்காலிட்ட வேகத்தில் எழுந்து வந்துவிட்டாள்.

“அதுக்குள்ள முடிஞ்சுருச்சா அத்தை?”

“என்கிட்ட என்னத்தா பாவம் இருக்கு, நேரம் ஆக?”

பாத்திமாவின் முறை வந்தது. கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்த சாமியாரிடம், “செய்யாததச் செஞ்சேன்னு சொன்னேன் சாமி” என்றாள். சாமியாருக்கு இது புதிதாக இருந்திருக்க வேண்டும். பொறுமையாக இருக்கும்படி சொல்லி அனுப்பினார். அந்தப் புத்தியைச் சொல்லச் சாமியார் வேண்டுமா?

வியாழக்கிழமை கட்டுரை போயிற்று. அனுப்பும்போது அவள் அடுப்படியில் இருந்தாள். “போயிருச்சு!” என்று அவன் கத்தியது கேட்டது. ஈஸ்டர் பிரியாணி அந்த வருஷம் அவள் கையில் நன்றாக வந்திருந்தது. இஞ்ஞாசியம்மாளே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

கோயம்புத்தூரிலிருந்து பிராங்கிளின் ஒரு சந்தனமாலையோடும் மாநாட்டுப் புத்தகத்தோடும் திரும்பி வந்தான். மாலையை அம்மா வாங்கி மாதா படத்தில் போட்டாள். புத்தகத்தைப் பாத்திமா வாங்கிப் புரட்டினாள். கட்டுரை இருந்தது. அவள் வரைந்த கோடு இருந்தது, கோட்டின் மேல் அவள் எடுத்த புள்ளிகள் இருந்தன. தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள். முதல் பெயர் அவனுடையது. இரண்டாவது, அவன் துறைத் தலைவருடையது.

“இவரு எப்ப அளவெடுத்தாரு?” என்று கேட்டாள்.

“எச்.ஓ.டி. பேர் போடாம காலேஜுல அனுப்ப விட மாட்டாக. உனக்கு அதெல்லாம் தெரியாது.”

“சரி. மூணாவதா ஒரு எடம் இருந்துச்சே?”

“போடத்தான் இருந்தேன். அவர்தான் கேட்டாரு. ‘அளவெடுத்ததும் உன் சம்சாரம், ஜன்னலத் திருப்புனதும் உன் சம்சாரமா?’ன்னு. யோசிச்சுப் பாரு. அளவெடுக்குற ஆளே அந்த நேரத்துல தெருவ வேடிக்கை பாத்துச்சுன்னு தெரிஞ்சா அந்தப் பேப்பர எவன் நம்புவான்? ‘வீட்டில் இருந்த ஒருவர் கவனக்குறைவாகத் திருப்பியிருக்கிறார்’னு மட்டும் எழுதிட்டோம். பேரச் சொல்லல. உன் மானத்தக் காப்பாத்திருக்கேன் நானு.”

“நான் திருப்பலன்னு உங்களுக்குத் தெரியும்.”

“எனக்கு எப்படித் தெரியும்? நீதான திருப்புனேன்னு சொன்ன?”

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். நன்றி சொல்லும் இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. ‘அளவீட்டு நேரங்களில் அறையைச் சலனமின்றிக் காத்துத் தந்த என் தாயார் இஞ்ஞாசியம்மாளுக்கு நன்றி’ என்று பொருள்.

“இதுல என்ன போட்டுருக்கு அப்பு? என் பேரு மாதிரி இருக்கே” என்று எட்டிப் பார்த்தாள் இஞ்ஞாசியம்மாள்.

“உங்களுக்கு நன்றி சொல்லியிருக்காக அத்தை” என்றாள் பாத்திமா. “நீங்க அசையாம உக்காந்திருந்தீகன்னு.”

இஞ்ஞாசியம்மாள் புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள். பாதியில் கை நின்றது. பிறகு புத்தகத்தை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, “உலை கொதிக்குது” என்று போய்விட்டாள். உலை வைத்திருக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பிராங்கிளின் ஸ்குரூடிரைவரை எடுத்தான். பட்டைகளின் வெளிவிளிம்பை மேலே தூக்கி நிறுத்தினான், பாகைமானி வைத்து, பிளஸ் நாற்பத்தைந்தில். குச்சியைக் கழற்றினான். குச்சி மாட்டுகிற பல்சக்கரத்தில் ஒட்டுப்பசையை ஊற்றி, காய்கிறவரை பக்கத்திலேயே நின்றான்.

“எதுக்குடா இது? ஆராய்ச்சிதான் முடிஞ்சுபோச்சே” என்றாள் இஞ்ஞாசியம்மாள். அவள் குரல் என்னவோ போல் இருந்தது.

“முடிஞ்சதுனாலதான். இனி இந்த வீட்டுல யாருக்கும் ஜன்னலத் திருப்புற வேலை இல்ல.” அவன் பாத்திமாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“காத்து வேணாமா? எப்பவாச்சும் செத்தத் திருப்பி…”

“வேணாம்மா. உங்களுக்குத்தான் கண்ண மூடிட்டு செபம் சொல்ற வழக்கமாச்சே.”

குச்சியை அவன் முறித்து வெளியே எறிந்தான்.

ஜூன் வந்தது. ஸ்ரீமதி மேடத்துக்குப் பாத்திமா போன் செய்தாள். “பேப்பர் வந்துச்சா?” என்று அவர் கேட்டார். “வந்துச்சு மேடம். என் பேரு இல்ல” என்றாள். “அப்ப நான் என்னம்மா செய்ய முடியும்?” என்றார். அவர் மேல் தப்பில்லை.

ஒருநாள் மூன்று மணிக்கு இஞ்ஞாசியம்மாள் வழக்கம்போல் ஹால் மூலையில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். தவக்காலம் முடிந்து எத்தனையோ நாளாகியும் அவள் அந்த நேரத்தை விடவில்லை. தெருவில் திடீரென்று கூச்சல். ஏதோ தகரம் விழுந்து உருளுகிற சத்தம்.

“பாத்திமா… ஏத்தா பாத்திமா.”

“என்ன அத்தை?”

“வெளிய சண்டையா?”

“அப்படித்தான் கேக்குது.”

“உடையப்பன் குரலு. அந்த மருமக ஏதோ பதிலுக்குப் பதில் பேசுறா. என்ன பேசுறான்னு சரியா வெளங்கல. செத்த எட்டிப் பாரேன்.”

பாத்திமா ஜன்னலிடம் போய் நின்று, பட்டைகளின் இடைவெளியில் கண்ணை வைத்தாள். “வானம் தெரியுது அத்தை. எதுத்த மாடியில ஒரு காக்கா ஒக்காந்திருக்கு.”

“கீழ?”

“கீழ தெரியாது.”

“கதவத் தெறந்து பாக்கக் கூடாதா?”

“நம்ம வீட்டுப் பொம்பளைக வாசல்ல நின்னு தெருவப் பாப்பாகளா அத்தை?”

இஞ்ஞாசியம்மாளின் விரல்கள் ஒரே மணியில் நின்றிருந்தன. வெளியே கூச்சல் ஏறியது, யாரோ அழுதார்கள், யாரோ சிரித்தார்கள். கிழவி நாற்காலியில் முன்னும் பின்னும் அசைந்தாள். பிறகு, மாதா படத்தைப் பார்த்துச் சொல்கிறவள் போல மெதுவாகச் சொன்னாள்: “ஒருக்கா ரெண்டு தடவ நானுந்தான் திருப்பியிருப்பேன்.”

பாத்திமா திரும்பவில்லை. “சாயங்காலம் உங்க மகன் வருவாக. அவுககிட்டச் சொல்லுங்க.”

“இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது? பசைய ஊத்திட்டானே.”

“ஆமா அத்தை. பசைய ஊத்திட்டாக.”

“நீயாச்சும் அன்னைக்கு ஒத்துக்காம இருந்திருக்கணும்” என்றாள் இஞ்ஞாசியம்மாள். சொன்ன விதத்தில் வருத்தத்தைவிடக் குற்றச்சாட்டுதான் இருந்தது. பிறகு அருள்நிறைந்த மரியே என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

பாத்திமா உள்ளறைக்குப் போனாள். மீட்டரை யாரும் எடுத்து வைக்கவில்லை. அளவு காட்டும் பெட்டி தூசியோடு மேஜைமேல் கிடந்தது. வயரை மாட்டி, பொத்தானை அழுத்தினாள். வெளி மீட்டரையும் பார்த்துக்கொண்டாள். கம்ப்யூட்டரைப் போட்டு, பழைய பிளஸ் நாற்பத்தைந்தைக் கொடுத்தாள்.

மூன்று மணி அளவு இப்போது அச்சு மாறாமல் ஒத்துப்போயிற்று.